மேடு பள்ளம் இல்லாத ஊரில் பைக் ஓடிய பாடு

எங்கள் ஊரில் பெண் எடுத்த மலைநாட்டுப் பதுளைக்காரர் ஒருவர் இருக்கிறார். வந்த புதிதில் என்னைக் காணும் நேரமெல்லாம் சிரிப்பார். “உங்க ஊர்ல பைக் ஓடுறதெல்லாம் ஒரு வேலையா சேர்? ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல, வளைவுகூட இல்ல. தூங்கிக்கிட்டே போகலாமே” என்பார். ஒரு கச்சான் காற்றுக் காலம் போனது, ஒரு மாரியும் போனது. இப்போது அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை.

மலைநாட்டு வீதி ஒளிவு மறைவு இல்லாதது. பள்ளம் கண்ணுக்குத் தெரியும், பயந்து ஓடுவோம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீதி நேராகக் கிடக்கும். வருகிற வினையெல்லாம் பக்கத்திலிருந்து வரும். காற்று வரும், வெள்ளம் வரும், மாடு வரும், யானையும் வரும். நான் பட்ட மோசமான பயணங்களில் ஒன்றுகூட வேகத்தால் வந்ததில்லை.

நான் ஆசிரியர். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். முதல் நியமனம் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், வெல்லாவெளிக்கும் அப்பால். பிறகு நாவிதன்வெளிப் பக்கம் மாற்றம். கலியாணம் தம்பிலுவிலில். ஆகவே இரண்டு மாவட்டத்து வீதிகளும் என் முதுகெலும்புக்கு நல்ல பழக்கம். வாகனம் ஒரு பழைய பஜாஜ் சிடி 100. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

முதலில் சைக்கிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை. பெற்றோல் இல்லை. ஷெட்டில் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது. கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோதுகூட மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அலுமாரிக்குப் பின்னால் கிடந்த சைக்கிளெல்லாம் அந்த மாதம் வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்பாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த ஒரு மருந்து எங்கள் பக்கத்து பார்மசி எதிலும் இல்லை, மட்டக்களப்பு ரவுணில் கிடைக்கும் என்றார்கள். பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லை. இருட்டோடு சைக்கிளை எடுத்தேன். இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். காற்றில்லாத அதிகாலை, வெறும் வீதி. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சூரியன் வாவிக்கு மேலே வந்திருந்தது. இவ்வளவுதானா என்று நினைக்க வைத்த பயணம்.

திரும்பி வரும்போதுதான் கச்சான் தன் வேலையைக் காட்டியது. மே கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை எங்களுக்கு அடிக்கும் தென்மேற்குக் காற்று இது. மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்து, சூடேறி எங்களிடம் இறங்கி வரும். காலை எட்டு மணி வரை சாதுவாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு ஆள் மாறிவிடும். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் கடைகளும் மதில்களும் தடுத்துக்கொண்டன. தாழங்குடா தாண்டி வெளி திறந்தவுடன் வலது பக்கத்திலிருந்து அறைய ஆரம்பித்தது. மண் பறந்து பல்லில் அரைபட்டது. உதடு வெடித்தது. கிரான்குளத்தில் நின்று குடித்த தண்ணீர் குருக்கள்மடத்துக்கு வருமுன்பே வியர்வையாகி, அந்த வியர்வையும் காய்ந்து உப்பாகிவிட்டது.

களைப்பைச் சமாளிக்கலாம். என்னைப் பயப்படுத்தியது வேறு. வலப்பக்கக் காற்றுக்கு ஈடாக நாம் அறியாமலே வலது பக்கம் சாய்ந்து மிதிப்போம். பின்னாலிருந்து ஒரு லொறி நம்மை முந்தும்போது அந்த ஒரு நொடி காற்று அறுந்துவிடும். உடம்பு சாய்ந்தபடியே இருக்கும். சைக்கிள் நேரே லொறியின் பக்கம் இழுபடும். லொறி போனவுடன் காற்று மறுபடி ஓங்கி அறைந்து வீதிக்கு வெளியே தள்ளும். செட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு லொறியின் பின்சில்லுக்கும் என் ஹாண்டிலுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. அதற்குப் பிறகு பின்னால் பெரிய வாகனத்தின் சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்தி, இடது ஓரம் ஒதுங்கி, ஒரு கால் தரையில் தொடும் அளவுக்கு மெதுவாக்கிவிடுவேன். பைக்கிலும் இதேதான், கனம் கூட என்பதால் இழுவை கொஞ்சம் குறையும். கச்சான் காலத்தில் கரையோர வீதியால் சைக்கிளில் போவதென்றால் விடியுமுன் போய், வேலையை முடித்து, ஒன்பது மணிக்குள் வீடு வரப் பாருங்கள். முடியாவிட்டால் பின்னேரம் வெயில் சாயும்வரை யாராவது தெரிந்தவர் வீட்டில் பாயைப் போட்டுப் படுங்கள். மானம் போகாது.

தண்ணீரின் கதை நீளமானது.

நாவிதன்வெளிக்கு நான் வழக்கமாகப் போவது குருமண்வெளித் துறையால். பாதையில், அதாவது ஆட்களையும் வாகனத்தையும் வாவிக்குக் குறுக்கே ஏற்றிப் போகும் மிதவையில், பைக்கை ஏற்றி மண்டூரில் இறங்குவது. மண்முனையில் 2014இல் பாலம் வந்து அங்கே பாதை நின்றுவிட்டது, எங்களுக்கு இன்னும் பாதைதான். மழையில் அதன் பலகை வழுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. இறங்கி, இடப்பக்கம் நின்று, முதலாம் கியரில் கிளச்சைப் பிடித்து உருட்டி இறக்க வேண்டும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரியில் வாவி கொந்தளித்தால் பாதை ஓடாது. அப்போது கல்முனையைச் சுற்றி கிட்டங்கித் தாம்போதியால் வர வேண்டும்.

கிட்டங்கியைத் தெரியாதவர்களுக்கு: சேனைக்குடியிருப்பைக் கடந்தால் நாவிதன்வெளிக்குப் போகும் வீதி, ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட தாம்போதியில் இறங்கும். மேலே மழை பெய்து குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் இந்த வீதிக்கு மேலால் போகும். ஆற்றுவாழை என்னும் நீர்ப்பூண்டு கும்பல் கும்பலாக வந்து அடைத்துக்கொள்ளும். முதலையும் உண்டு. ஒவ்வொரு மாரியிலும் இது செய்தியாகும், கோடை வந்ததும் எல்லோரும் மறந்துபோவார்கள்.

தவணைப் பரீட்சைக் காலம். விடைத்தாள் கட்டு பையில். காலையில் வரும்போது தாம்போதியில் கணுக்காலளவு தண்ணீர், அதுவும் நின்ற தண்ணீர் போலத்தான். பின்னேரம் திரும்பும்போது கெண்டைக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் சனம். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நடுவில் நின்று, எது வீதி எது ஆறு என்று கையைக் காட்டிக் காட்டி ஆட்களை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பைக்குகள் போயின. முதலாம் கியரில், கிளச்சை அரைவாசி பிடித்து, அக்சிலேற்றரைக் குறைக்காமல் போக வேண்டும். சைலன்சரிலிருந்து புகை தள்ளிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே வராது. நானும் அப்படியே போனேன். பாதி வழியில் எதிரே ஒரு வேன்காரர் அவசரமாக இறங்கினார். அவர் கிளப்பிய அலை எஞ்சினுக்கு மேலால் போனது. பைக் இருமிவிட்டு நின்றது.

கால் தானாகக் கிக்கருக்குப் போனது. “ஸ்ராட் பண்ணாதீங்க தம்பி! தண்ணியக் குடிச்சிரும்!” என்று காக்கா கத்திக்கொண்டே வந்தார். அவரும் இன்னொரு பொடியனும் பின்னால் பிடிக்க, நான் ஹாண்டிலைப் பிடிக்க, முன்சில்லு ஒவ்வொரு அடிக்கும் கீழ்ப்பக்கம் இழுபட்டது. காலுக்குக் கீழே தார் இருக்கிறதா என்று பெருவிரலால் தடவித் தடவித்தான் நடந்தேன். ஆற்றுவாழை வந்து காலைச் சுற்றும்போதெல்லாம் முதலை நினைவு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கரையில் ஏற்றியதும் காக்கா தன்னுடைய வேலை போலவே ஆரம்பித்தார். பைக்கைப் பின்சில்லில் நிமிர்த்திப் பிடித்துச் சைலன்சர் தண்ணீரை வடித்தார். பிளக் மூடியைக் கழற்றி வாயால் ஊதினார். பிளக்கைக் கழற்றச் சொன்னார். சீற்றுக்குக் கீழே பிளக் சாவி இருந்தது நல்ல காலம். “இப்ப அடிங்க” என்றார். பிளக் இல்லாமல் கிக் பண்ணியபோது அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பூச்சியடிக்கும் பம்பு போல விசிறியது. விசிறல் நின்று வெறும் காற்று வரும்வரை அடித்தோம். எயார் பில்டர் பஞ்சைப் பிழிந்தார். காபரேற்றரின் அடியில் உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி, வந்த பெற்றோலைக் கையில் ஏந்திப் பார்த்தார். அடியில் தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்றது. அது போய் நல்ல பெற்றோல் வரும்வரை விட்டுவிட்டு மூடினார். பிளக்கைத் துடைத்துப் பூட்டியதும் கொஞ்ச அடியில் பிடித்துக்கொண்டது. நான் காசை நீட்டியபோது, “புள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள்தானே, போங்க” என்றார்.

தண்ணீருக்குள் நின்றுபோன எஞ்சினை அங்கேயே ஸ்ராட் பண்ணினால் உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, பிஸ்டனோடு இணைந்த தண்டு, அந்தக் கொன்ரொட்தான் வளையும். அன்றைக்கு அந்தச் செலவு எனக்கு வராமல் போனது காக்காவால்தான். வெளியே வந்தபிறகும் இரண்டு விஷயம் இருக்கிறது. ட்ரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. சேனைக்குடியிருப்புச் சந்தியில் பிரேக்கை அமத்த, பைக் தன்பாட்டுக்குப் போனது. தண்ணீரிலிருந்து ஏறியவுடன் மெதுவாக ஓடியபடி பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் சூட்டில் காய்ந்துவிடும். மற்றது, அடுத்த நாள் ஒயிலைப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு புது ஒயிலாக இருந்தாலும் ஊற்றிவிட்டு மாற்றுவதுதான் வழி. விடைத்தாள் கட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு: பசளைப் பையின் உட்பொலித்தீனில் சுற்றியிருந்தேன், ஒரு தாளும் நனையவில்லை.

நின்ற தண்ணீருக்குத்தான் இந்த வித்தையெல்லாம். ஓடும் தண்ணீருக்கு வித்தை இல்லை. அரையடித் தண்ணீர் வேகமாகப் போனால் ஆளின் காலை வாரிவிடும். பைக்கின் சில்லில் அது படும் பரப்பு இன்னும் அதிகம். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு மெசினையே (டிரக்டரையே) தண்ணீர் புரட்டிவிட்டது. வீட்டுக்குப் போகப் புறப்பட்ட பிள்ளைகள். மெசின் போகிறதே, நாமும் போகலாம் என்று அதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பைக்கை மெசின் பெட்டியில் ஏற்றிக் கடப்பது இங்கே வழக்கம், நானும் காசு கொடுத்துக் கடந்திருக்கிறேன். இப்போது நுரை கட்டி, மரக்கொப்பு இழுபட்டுப் போகும் தண்ணீரைக் கண்டால் எதிலும் ஏறுவதில்லை. படுவான்கரையில் ஒரு ஆசிரியர் ஒரு இரவு தங்கக் கேட்டால் இடமில்லை என்று சொல்லும் வீடு இல்லை.

யானைக்கு வருகிறேன்.

பெப்ரவரி, பெரும்போக வேளாண்மை விளைந்து நிற்கும் காலம். பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டியும் அப்போதுதான் வரும். பரிசளிப்பு, நன்றியுரை, கதிரை அடுக்குவது எல்லாம் முடிய இருட்டிவிட்டது. பின்னால் ஒரு இளம் ஆசிரியர், நியமனம் கிடைத்து வந்த புதிது. திக்கோடையிலிருந்து தும்பங்கேணிப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வட்டை, அதாவது வயல்வெளி. சிடி 100இன் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வீதியோரத்து வெள்ளைக் கோடு ஓடி வந்து, ஓரிடத்தில் அறுந்து, அதற்கு அப்பால் மீண்டும் தெரிந்தது. மண் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த மண் காதை ஆட்டியது.

யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மாட்டின் கண் மின்னும், நாயின் கண் மின்னும். யானை இருட்டோடு இருட்டாக நிற்கும். பின்னாலிருந்தவர் “சேர்… சேர்…” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என் தோளில் இருந்த அவர் கை மட்டும் இறுகியது. வட்டைக்குள் பரணில் இருந்து ஒரு குரல்: “லைற்ற நூத்துங்க! ஹோன் அடிக்காதீங்க! அப்படியே பின்னுக்கு வாங்க!”

லைற்றை நூர்த்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை. இரண்டு பேரும் காலால் தள்ளித் தள்ளிப் பின்னால் வந்தோம். நேரான வீதி என்பது அப்போது உதவியது, வளைவில் என்றால் விழுந்திருப்போம். பரண் இருந்த வரம்பு வாசலுக்கு வந்ததும் அந்தப் பெரியவர் இறங்கி வந்தார். “அது தனிய இல்ல மகன். மத்ததுகள் வயலுக்க நிக்கிது” என்றார். அப்போதுதான் நெல் முறிபடும் சத்தம் காதில் விழுந்தது. யானை வெடி போட்டார்கள். அவை அசையவில்லை. நெல் லொறி ஒன்று வரும்வரை அங்கேயே இருந்தோம். லொறியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வெல்லாவெளி வந்தோம்.

அந்தப் பெரியவர் சொன்னவற்றை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். வீதியில் பச்சை இலத்தி கிடந்தால், ஆவி பறந்தால், யானை கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. கிழிந்த தென்னோலையும் முறிந்த வாழையும் அப்படித்தான். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வாடை முதலில் வரும், ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தூரத்தில் கண்டால் நில்லுங்கள், திருப்புங்கள், கடந்து போகலாமா என்று கணக்குப் பார்க்காதீர்கள். யானைக்குப் பக்கத்தில் குட்டி நின்றால் வெளிச்சம் காட்டுவதே குற்றம். இருட்டியபிறகு பஸ்ஸோ லொறியோ வரும்வரை சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பதுதான் அந்தப் பக்கத்து ஆட்கள் செய்வது. பொத்துவிலிலிருந்து லகுகலைக்குப் போகும் வீதியிலும் இதையே செய்வார்கள்.

மாடு யானையை விட மோசம் என்பது என் தனிப்பட்ட கருத்து. யானை ஒரு சில வீதிகளில், ஒரு சில மாதங்களில். கட்டாக்காலி மாடு எங்கேயும், எப்போதும். மழைக்கால இரவில் மண் தரையை விடத் தார் வீதி காய்ந்து சூடாக இருப்பதால் கல்முனை வீதி முழுக்கப் படுத்திருக்கும். முதுகைக் காட்டிப் படுத்த கறுப்பு மாடு, எதிரே வரும் வாகனத்தின் லைற் கண்ணில் அடிக்கும் நேரத்தில், இல்லாத மாடுதான். மாடு முன்னால்தான் நகரும், ஆகவே வால் பக்கத்தால் கடக்க வேண்டும். ஒன்று வீதியைக் கடந்தால் இன்னொன்று பின்னால் வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கன்றாக இருந்தால் ஓடியே வரும்.

உகந்தை முருகன் கோயிலுக்குப் போன பயணத்தை மனைவியின் தம்பி மறக்கவிட மாட்டான். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே பைக்கில் தம்பிலுவிலிலிருந்து புறப்பட்டோம். பாணமை வரை சொகுசு. அதற்குப் பிறகு கிறவல், இடையிடையே மணல், பற்றைக்காடு. மணலில் முன்சில்லு தானாகத் திரும்பும்போது பிரேக் பிடித்தால் விழுவீர்கள். ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து, உடம்பைப் பின்னால் வைத்து, அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதில் தப்பினோம். பின்சில்லில் முள் ஏறியதில் தப்பவில்லை. பஞ்சர் கடை பாணமையோடு முடிந்துவிடுகிறது. மச்சான் இறங்கி நடந்தான். நான் பெற்றோல் ராங்கியின் மேல் குந்தி, பாரத்தை முன்னால் போட்டு, நடக்கும் வேகத்தில் ஓடினேன். ரயர் ரிம்மை விட்டுக் கழரப் பார்த்தபோது நிறுத்தினோம். யாத்திரைக்காரர் ஏற்றிய மெசின் ஒன்று வந்தது. அதில் இருந்த அம்மா ஒருவர் கடலைச் சுண்டல் தந்தார். மச்சான் சொல்வது, “அத்தான், உங்களோட வந்ததால எனக்குப் பாதயாத்திரைப் புண்ணியமும் கிடைச்சிது.”

அதற்குப் பிறகு சீற்றுக்குக் கீழே ஒரு பின்ரியூப், இரண்டு ரயர் லீவர், சைக்கிள் பம்ப், பிளக் சாவி, ஒரு பழைய நல்ல பிளக். எல்லாம் ஒரு சீலைப் பையில் அடங்கும். ரியூப் போடக் கற்றுக்கொள்வதற்கு வீட்டு முற்றத்தில் ஒரு பின்னேரம் போதும். தண்ணீர் போத்தல் இரண்டு. போனில் 1990 அம்புலன்சுக்கு, 117 அனர்த்த முகாமைத்துவத்துக்கு. இதில் 1990ஐ ஒருமுறை அழைத்திருக்கிறேன், வேறொருவருக்காக, களுதாவளையில். மாடுதான்.

கடைசியாக ஒரு முறைப்பாடு. அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. களம் இல்லாதவன் எங்கே காயவைப்பான்? நெல்லின் மேல் சில்லு ஏறினால் வழுக்கும், அதையும் பார்த்து ஓடிக்கொள்கிறோம். ஆனால் வாகனம் ஏறாமல் இருக்கச் சுற்றிவர வைக்கிறீர்களே அந்தக் கல்லுகள், பின்னேரம் நெல்லைக் கூட்டி அள்ளும்போது தயவுசெய்து அவற்றையும் ஓரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.